துடுப்பும் உழைக்கும் கரமும்: படகோட்ட வீரர் தத்து போகனளை முன்வைத்து ஒரு நோக்கு

பேராதனையிலிருந்து கம்பளை, நாவலப்பிட்டி வழியாக அட்டனை நோக்கிச் செல்லும் பாதை, அவிசாவளையிலிருந்து மேலேறி வரும் பெருந்தெருவைக் கினிகத்தேனையிற் சந்திக்கின்றது. இலங்கையில் மிகுந்த மழை பெறும் பிரதேசங்களுள் இஃதொன்று. அண்மையிலுள்ள வட்டவளையில் ஆண்டு மழைவீழ்ச்சி 5,000 மில்லிமீற்றரைத் தாண்டுவதுண்டு. கெகல்கமு ஓயா இவ்வூருக்கு அருகே அபர்டீன் நீர்வீழ்ச்சியாக 98 மீற்றர் வீழ்கின்றது. அவ்வாறும் மஸ்கெலி ஓயாவும் கூடியே களனி கங்கை பிறக்கின்றது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர இந்நீர்களின் ஆற்றலைக் கணக்கிட்டுக் காட்டியதன் பயனாக 1950இல் இலக்சபானா மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. 1965இற் காசல்ரீ நீர்த்தேக்கமும், 1969இல் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கமும் நிறைவெய்தின. பின்னையது நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகர் நீருள் மறைந்தது. வறட்சிக் காலத்தில் நீர் வற்றும்போது அந்நகரின் வழிபாட்டுத் தலங்கள் இன்றும் வெளித்தெரிகின்றன.

இத்துணை நீர்வளம் சூழ்ந்த ஒரு பிரதேசத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தோட்டத் தொழிலாளருக்கும், நீரின்மேல் நிகழும் விளையாட்டுகளுள் மிகப் பழையதும் மிகக் கடினமானதுமான போட்டிப் படகோட்டத்துக்கும் இடையிலான தூரம் எத்தகையது? அத்தூரத்தை எவை உண்டாக்கின? வேறொரு நாட்டில், ஏறத்தாழ இவர்களையொத்த உழைப்பாளி ஒருவர் அதனை எவ்வாறு கடந்தார்? இவ்வினாக்களையே நாம் இங்கு ஆராய முற்படுகின்றோம். விளையாட்டு என்பது ஆய்விதழ்களில் அதிகம் இடம்பெறாத பொருள். ஆயின் ஒரு சமூகத்தில் யாருக்கு ஓய்வுண்டு, யாருக்கு ஊட்டமுண்டு, எவருடைய உடல் எதற்கென ஒதுக்கப்பட்டுள்ளது என்பவற்றை விளையாட்டைப்போல் வெளிப்படையாகக் காட்டும் துறைகள் சிலவே.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கினிகத்தேனையிலிருந்து கீழிறங்கினால் வரும் கித்துல்கலை, 1957இல் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' திரைப்படம் படமாக்கப்பட்ட இடமென அறியப்பட்டது. இன்று அது நீர்விசைப் பாய்ச்சலிற் காற்றடைத்த இறப்பர்ப் படகு செலுத்தும் சுற்றுலாவுக்குப் பெயர்பெற்றுள்ளது. அங்கு துடுப்பைக் கையிற் பிடித்து, முன்னோக்கியிருந்து நீரைத் துழாவுகின்றனர். நாம் பேசவந்த படகோட்டம் வேறு. அதிலே துடுப்பு படகின் பக்கவாட்டிற் பொருத்தப்பட்ட கொளுவியில் நின்று நெம்புகோலாக இயங்குகின்றது. வீரர் செல்லுந்திசைக்கு முதுகுகாட்டி அமர்கின்றார். ஒருவர் ஒரு துடுப்பை வலிப்பது ஒருவகை. இரு கைகளிலும் இரு துடுப்புகளை வலிப்பது மற்றொருவகை. ஒருவர், இருவர், நால்வர், எண்மர் எனப் படகுகள் வேறுபடும். ஒலிம்பிக் தூரம் 2,000 மீற்றர்.

ஒற்றையர் படகு ஏறத்தாழ 8 மீற்றர் நீளமுடையது. நிறையோ 14 கிலோகிராம் அளவிலேயே உள்ளது. ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடிய அகலமே இல்லாத அதன் உடலில், சறுக்கி நகரும் இருக்கையொன்றில் வீரர் அமர்கின்றார். பார்ப்போர் கைகளே வேலை செய்வதாகக் கருதுவர். உண்மையில் வலிப்பின் பெரும்பகுதி கால்களிலிருந்தே பிறக்கின்றது. முழங்கால்களை மடக்கி முன்சென்று, துடுப்பின் தகட்டை நீருட் பதித்து, கால்களால் உதைத்து, அவ்விசையை முதுகு வழியாகத் தோளுக்கும் கைக்கும் கடத்துவதே ஒரு வலிப்பு. பின்னர் தகட்டை நீரிலிருந்து எடுத்து, படகின் ஓட்டத்தைக் குலைக்காது மீண்டும் முன்சறுக்க வேண்டும். ஏழு நிமிடங்களுக்குள் இது இருநூறு முறைக்கு மேல் நிகழும். அவ்வேழு நிமிடங்களில் இதயமும் நுரையீரலும் தம் எல்லைவரை இயங்குகின்றன. இறுதி 500 மீற்றரில் தசைகளிற் சேர்ந்த அமிலம் உடலை எரிக்கின்றது. தமிழில் துடுப்பைப் 'போடுகிறோம்' என்பதைவிட 'வலிக்கிறோம்' என்பதே பழைய வழக்கு. இழுத்தலையும், வலிமையையும், நோவையும் ஒரே சொல்லடியாற் குறித்த மொழியினர் இவ்விளையாட்டைப் பற்றி அறிந்தே பேசியிருக்கின்றனர் எனலாம்.

இவ்விளையாட்டின் தோற்றம் உழைப்பாளரிடையேதான். இலண்டனின் தேம்சு நதியிற் பயணிகளை ஏற்றியிறக்கிய ஓடக்காரரின் தொழிற் போட்டியே அதன் வேர். அவ்வோடக்காரருள் பயிற்சிக்காலத்தை முடித்தோருக்கென 1715இல் தொடங்கப்பட்ட டொகெட் பந்தயம் இன்றும் நடைபெறுகின்றது. ஒக்சுபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்கள் தம்முட் போட்டியிட்டது 1829இல்தான்; அதாவது நூறாண்டுகளுக்கு மேற்பட்ட பின்னர். ஆயின் கனவான்கள் துடுப்பைக் கையிலெடுத்த பின்பு, அதனை முதலிற் பிடித்திருந்த கைகளை விலக்குவதற்கான விதிகள் வகுக்கப்பட்டன. 1879இல் ஹென்லி படகோட்ட விழாக் குழுவினர் 'தொழில்முறை சாரா வீரர்' என்பதற்கு வரைவிலக்கணம் கூறினர். கூலிக்காக இயந்திர வினைஞராகவோ, கைவினைஞராகவோ, தொழிலாளியாகவோ வேலைசெய்த எவரும் அவ்வரைவிலக்கணத்துள் அடங்கார். 1882இல் உருவான படகோட்டச் சங்கமும் அவ்வழியே சென்றது. பந்தயத்தாற் பணமீட்டுவோரை விலக்குவது ஒருவகை விதி. அதற்கு நியாயங் கற்பிக்கவும் முடியும். படகோடு யாதொரு தொடர்புமற்ற கொத்தனையும் தச்சனையும், அவன் கையால் உழைத்தான் என்ற ஒரே காரணத்துக்காக விலக்குவது வேறுவகை. அதற்குச் சொல்லப்பட்ட காரணம், உழைப்பாளியின் தசைவலிமை கனவானுக்கு எதிரான அநியாயமான அனுகூலம் என்பதாகும். இவ்வாதத்தை நினைவிற்கொள்ளுமாறு வாசகரைக் கேட்டுக்கொள்கின்றோம். பின்னர் இதனிடம் நாம் திரும்பி வருவோம்.

இவ்விதியை எதிர்த்து நின்றவர் ஒரு மொழியறிஞர் என்பது தமிழ்ச் சங்கமொன்றின் ஏட்டைப் படிப்போருக்குச் சுவை தரலாம். ஒக்சுபோர்டு ஆங்கில அகராதியின் தொடக்ககாலப் பதிப்பாசிரியராயிருந்தவரும், பழைய ஆங்கில ஏடுகளை அச்சேற்றவென 1864இல் ஒரு சங்கம் நிறுவியவருமான எப். ஜே. பர்னிவால், 1890இல் உழைப்பாளரையும் ஏற்றுக்கொள்ளும் தேசியப் படகோட்டச் சங்கமொன்றைத் தோற்றுவித்தார். 1896இல் பெண்களுக்கெனவும் ஒரு கழகம் அமைத்தார். ஏடு தேடி அலைந்த எமது பதிப்பாசிரியர் ஒருவர் மாலைவேளைகளிற் கடையுதவிப் பெண்களுக்குத் துடுப்பு வலிக்கக் கற்றுக்கொடுத்திருப்பின் யாழ்ப்பாணமோ சென்னையோ என்ன சொல்லியிருக்கும் என எண்ணிப் பார்க்கலாம்.

விதி அவ்வளவில் அழிந்துவிடவில்லை. அமெரிக்காவின் பிலடெல்பியாவிற் செங்கல் அடுக்கும் கொத்தனாராக வாழ்வைத் தொடங்கிய ஜோன் கெலி, 1920இல் ஹென்லிக்கு அனுப்பிய விண்ணப்பம் மறுக்கப்பட்டது. அவருடைய கழகத்தின்மீது முன்னரே இருந்த தடை ஒரு காரணம். அவர் கையால் உழைத்தவர் என்பது மற்றொன்று. அதே ஆண்டில் அன்ற்வேர்ப் ஒலிம்பிக்கில் அவர் பிரித்தானியரான ஜாக் பெரஸ்போர்டை வென்று ஒற்றையர் தங்கம் பெற்றார். சற்று நேரத்துக்குள் தம் மைத்துனருடன் இருவர் போட்டியிலும் வென்றார். 1936இல் பெர்லின் ஒலிம்பிக்குக்குச் செல்லவிருந்த அவுஸ்திரேலிய எண்மர் அணி ஹென்லியிற் பங்குகொள்ள இயலவில்லை. அவர்கள் பொலிஸ்காரர்கள், பொலிஸ் வேலை கையுழைப்பென எண்ணப்பட்டது. இந்நகைப்புக்கிடமான நிகழ்வுக்குப் பின்னரே, 1937இல், அவ்விதி நீக்கப்பட்டது.

இவ்விதி வாழ்ந்த காலமும் எமது மலையகத் தோட்டங்கள் வளர்ந்த காலமும் ஒன்றே என்பது கருதத்தக்கது. கொழும்புப் படகோட்டக் கழகம் 1864இலும், சென்னைப் படகுக் கழகம் 1867இலும் ஐரோப்பிய வணிகராலும் அலுவலராலும் நிறுவப்பட்டன. முன்னையது பேரை ஏரியைச் சார்ந்தது. அவ்வேரியின் கரைகளிலேயே கோப்பியும் பின்னர் தேயிலையும் குவிந்த களஞ்சியங்கள் எழுந்தன. ஏரியையும் துறைமுகத்தையும் இணைத்த கால்வாய் வழியே சரக்குப் படகுகள் சென்றன. மாலையில் வணிகர் ஓய்வுக்காகத் துடுப்பு வலித்த அதே நீரில், பகலிற் கூலிக்காகப் படகு தள்ளியோர் இருந்தனர். அவர்கள் தள்ளிய பெட்டிகளில் இருந்தது மலையகத்திற் கொய்த கொழுந்து. பின்னர் றோயல், சென். தோமஸ் முதலிய கொழும்புப் பாடசாலைகளினூடாகச் சுதேசிகளுக்கும் இவ்விளையாட்டுப் பரவிற்று. பரவிய திசை மேல்தட்டினூடே கிடையாகவேயன்றிக் கீழ்நோக்கியன்று.

இனி நாம் எடுத்துக்கொண்ட சான்றுக்கு வருவோம். மகாராட்டிரத்தின் நாசிக் மாவட்டத்தில் சாந்தவட் வட்டத்தைச் சேர்ந்த தளேகாவ் ரோகி என்பது வறட்சிக்குப் பெயர்போன பகுதியிலுள்ள ஒரு சிற்றூர். அங்கு 1991இற் பிறந்தவர் தத்து பபன் போகனள். தந்தையார் கிணறு வெட்டும் தொழிலாளி. தக்கணத்தின் கருங்கற் பாறையைப் பெயர்த்துத் திறந்த கிணறு வெட்டுவதென்பது மண்வெட்டி வேலையன்று. உளியடித்து, பாறை பிளந்து, உடைந்த கல்லைக் குழியின் அடியிலிருந்து மேலேற்றும் வேலை. அவ்வேலைக்குத் தந்தையுடன் சிறுவயதிலேயே, பள்ளி செல்லும் நாட்களிலேயே, தத்து போகத் தொடங்கினார். பெற்றோல் நிலையத்திலும் வேலை செய்தார். 2011இல் தந்தையார் இறக்கவே குடும்பப் பொறுப்பு மூத்த மகனான அவர்மீது விழுந்தது. 2012இல் அவர் இராணுவத்திற் சேர்ந்தது விளையாட்டுக்காக அன்று, சம்பளத்துக்காக.

பூனேயிலுள்ள இராணுவப் பொறியியற் படைப்பிரிவிலே அவருடைய உயரம் பயிற்றுநரின் கண்ணிற் பட்டது. அதுவரை இப்படியொரு விளையாட்டு உண்டென்பதையே அறியாதவர், இருபத்தோராம் வயதிற்கு மேல் துடுப்பைத் தொட்டார். ஐரோப்பாவிலும் நியூசிலாந்திலும் பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே பிள்ளைகள் படகேறிவிடுகின்றனர் என்பதை நோக்குமிடத்து, இத்தாமதத்தின் அளவு புலப்படும். 2013இல் பூனேயின் இராணுவப் படகோட்டப் பயிற்சி நிலையத்திற் சேர்க்கப்பட்டார். இரண்டே ஆண்டுகளில், 2015இல் பீஜிங்கில் நடைபெற்ற ஆசிய வாகையர் போட்டியில் ஒற்றையர் பிரிவில் வெள்ளிப்பதக்கம் வென்றார்.

2016 ஏப்பிரலில் தென்கொரியாவின் சுங்ஜுவில் ஆசிய, ஓசியானிய நாடுகளுக்கான ஒலிம்பிக் தகுதிப் போட்டி நடைபெற்றது. அவருடைய தாயார் விபத்தொன்றிற் தலையிற் காயமுற்று நினைவிழந்திருந்த காலம் அது. 7 நிமிடம் 7.63 செக்கனில் இரண்டாவதாக வந்து அவர் தகுதி பெற்றார். அவ்வாண்டு றியோ ஒலிம்பிக்குக்கு இந்தியாவிலிருந்து சென்ற ஒரேயொரு படகோட்ட வீரர் அவரே. அங்கு முதற்சுற்றில் மூன்றாவதாக வந்து காலிறுதியை எட்டினார். காலிறுதியில் 6 நிமிடம் 59.89 செக்கனில் நான்காமிடம் பெற்றதால் அரையிறுதிக்கான வாய்ப்பை இழந்தார். எஞ்சிய இடங்களை நிர்ணயிக்கும் ஓட்டத்தில் 6 நிமிடம் 54.96 செக்கனில் முதலாவதாக வந்து, மொத்தத்தில் 13ஆவது இடத்தைப் பெற்றார். ஒலிம்பிக் ஒற்றையர் பிரிவில் அதற்கு முன் எந்த இந்தியரும் இவ்வளவு முன்னேறியதில்லை. அப்போட்டியிற் தங்கம் வென்ற நியூசிலாந்தின் மாஹே டிரைஸ்டேல் இறுதியோட்டத்தை 6 நிமிடம் 41.34 செக்கனில் முடித்தார். வெவ்வேறு ஓட்டங்களின் நேரங்களை ஒப்பிடுவது தோராயமானதேயாயினும், இருவருக்குமிடையே ஏறத்தாழ 65 மீற்றர் தூரம் எனக் கொள்ளலாம். ஓர் உலக வீரனுக்கும், துடுப்பைத் தொட்டு நான்காண்டுகள்கூட ஆகாத ஒரு கிணறு வெட்டிக்கும் இடையிலான தூரம் அவ்வளவே.

2018 ஓகஸ்டில் இந்தோனேசியாவின் பாலெம்பாங்கில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டி அவருடைய வாழ்வின் உச்சத்தையும் சரிவையும் ஒருங்கே கண்டது. உடல்நலங் குன்றியிருந்த நிலையில் ஒற்றையர் இறுதியோட்டத்திற் கடைசியாக வந்தார். மறுநாள் சவரண் சிங், ஓம் பிரகாஷ், சுக்மீத் சிங் ஆகியோருடன் நால்வர் படகேறி, 6 நிமிடம் 17.13 செக்கனில் தங்கம் வென்றார். நால்வரும் இராணுவத்தினர். ஆனால் முதல்நாள் ஓட்டத்தை அவர் வேண்டுமென்றே இடைநிறுத்தினார் எனக் குற்றஞ்சாட்டி, இந்தியப் படகோட்டச் சம்மேளனம் 2019 மார்ச்சில் அவருக்கு ஈராண்டுத் தடை விதித்தது. தாம் நோயுற்றிருந்ததாகவும் படகிலிருந்து விழ நேர்ந்ததாகவும் அவர் விளக்கினார். 2020 சனவரியில் தடை நீக்கப்பட்டது. அதே ஆண்டில் அர்ஜுனா விருதும் வழங்கப்பட்டது. விருதையும் தடையையும் ஓராண்டு இடைவெளியிற் பெற்ற ஒரு வீரரின் நிலை எத்தகையது? இருபத்தேழு, இருபத்தெட்டு வயது என்பது படகோட்ட வீரனின் உடல் முழுமை எய்தும் பருவம். அப்பருவத்திற் பத்து மாதங்கள் போட்டியின்றிக் கழிந்தமைக்கு எவ்விருதும் ஈடாகாது. தனக்கென்று படகில்லாத, தனக்கென்று பயிற்றுநரில்லாத, தன்சார்பிற் பேசத் தொழிற்சங்கம்போன்ற எதுவுமில்லாத வீரன் நிறுவனத்தின் தயவில் வாழ்பவன் என்பதை இந்நிகழ்வு காட்டுகின்றது.

இங்கு, ஹென்லிக் கனவான்களின் வாதத்துக்குத் திரும்புவோம். கையுழைப்பு போட்டியில் அநியாயமான அனுகூலம் என்றனர். முற்போக்காளர் சிலரும் இதே கருத்தை மறுதலையாக்கி, உழைக்கும் மக்களே இயல்பான வீரர் எனப் புகழ்ந்துரைப்பதுண்டு. இரண்டும் ஒரே பிழையிலிருந்து பிறந்தவை என்பதே எமது கருத்து. கல்லுடைப்பதும் மலைச்சரிவிற் கொழுந்து சுமப்பதும் உடலை வலிவாக்கும் என்பது ஓரளவுக்கே உண்மை. பயிற்சி என்பது சுமையை அளந்து ஏற்றி, பின்னர் ஓய்வும் உணவும் தந்து, ஓய்விலே உடலை வளரவிடும் ஒரு முறை. உயர்நிலைப் படகோட்ட வீரர் வாரத்தில் இருபது மணித்தியாலம்வரை பயிற்சி செய்கின்றார். அதிற் பெரும்பகுதி மிதமான வேகத்தில் நீண்டநேரம் வலிப்பதாகும். எஞ்சிய நேரம் உண்பதற்கும் உறங்குவதற்கும் உரியது. கூலியுழைப்பிலோ சுமையைத் தீர்மானிப்பது உடலின் தேவையன்று. கணக்குப்பிள்ளையின் நிறையும் அன்றைய கூலியின் வரையறையுமே. காலையில் மலையேறி மாலையில் லயத்துக்குத் திரும்பும் பெண் தொழிலாளியின் உடல், ஒரு வீராங்கனையினதைவிடக் குறைவாக உழைப்பதில்லை. ஆயின் அவ்வுழைப்புக்குப் பின்னால் ஓய்வில்லை. விறகும் சமையலும் பிள்ளைகளும் உள்ளன. ஒரே அசைவு, ஓரிடத்தில் உடலை வளர்க்கின்றது; மற்றோரிடத்தில் தேய்க்கின்றது. தத்துவைக் கிணறு வீரனாக்கவில்லை. கிணற்றிலிருந்து வெளியேறி, மாதச் சம்பளமும் மூவேளை உணவும் உறங்க நேரமும் பெற்றமையே அவரை வீரனாக்கிற்று. கிணறு தந்தது ஒன்றுண்டெனின், அது நோவைப் பொறுக்கும் பழக்கம், அதனையும் மிகைப்படுத்தலாகாது.

இராணுவம் இங்கு வகிக்கும் இடம் ஆராய்தற்குரியது. 2010இற் குவாங்சு ஆசிய விளையாட்டுப் போட்டியில், படகோட்டத்தில் இந்தியாவுக்கு முதற் தங்கம் பெற்றுத்தந்த பஜ்ரங் லால் தாக்கர் இராஜஸ்தானைச் சேர்ந்த இராணுவ வீரர். 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் இலகு எடை இருவர் பிரிவில் 11ஆவது இடம் பெற்ற அர்ஜுன் லால் ஜாட், அரவிந்த் சிங் ஆகியோரும் இராணுவத்தினரே. பாலையையும் வறட்சியையும் சேர்ந்த மாவட்டங்களிலிருந்து படகோட்ட வீரர் தோன்றுவது முதலில் வியப்பளிக்கலாம். நீர்வளம் இவ்விளையாட்டைத் தீர்மானிப்பதில்லை என்பது இதனாற் பெறப்படும். போட்டிப் படகொன்றின் விலை ஒரு கூலித் தொழிலாளியின் பல்லாண்டு வருமானத்துக்குச் சமம். அதனை வாங்கவும், பயிற்றுநரை அமர்த்தவும், வீரருக்குச் சோறிடவும் வல்ல நிறுவனம் எங்குளதோ அங்கு விளையாட்டு வேரூன்றும். இங்கிலாந்தில் அந்நிறுவனம் பல்கலைக்கழகம், இந்தியாவில் இராணுவம். 1976இல், பெண்களுக்கு ஒலிம்பிக் படகோட்டம் முதன்முதலாகத் திறந்துவிடப்பட்ட மொன்றியலில், கிழக்கு ஜேர்மனி 14 போட்டிகளுள் 9இல் தங்கம் வென்றது. அங்கு அரசே அந்நிறுவனம். பாடசாலை மாணவரின் உடலை அளந்து, தொழிலாளரின் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து, அரச செலவிற் பயிற்றிய அம்முறையின் சாதனை மறுக்கவொண்ணாதது. விளையாட்டு வீரருக்கு, இளம்பெண்கள் உட்பட, ஊக்கமருந்துகளைத் திட்டமிட்டு ஏற்றிய கொடுமையும் அதே முறைக்குள் நிகழ்ந்தது. சோறிடும் நிறுவனம் உடலின்மேல் உரிமை கொண்டாடத் தொடங்கும் அபாயம் பாலெம்பாங்கிற் சிறிய அளவிலும் பெர்லினிற் பேரளவிலும் காணப்பட்டதாகக் கொள்ளலாம்.

மலையகத்தைப் பொறுத்தவரையில் இன்னுமொரு தடை உண்டு. அது கழகத்தின் விதியிலும் இல்லை, படகின் விலையிலும் இல்லை, உடலிலேயே எழுதப்பட்டுள்ளது. துடுப்பு ஒரு நெம்புகோலாதலால், நீண்ட கையும் காலும் உடையோர் ஒவ்வொரு வலிப்பிலும் கூடுதலான வில்லளவை நீரில் வரைகின்றனர். உயர்நிலை வீரருட் பெரும்பாலோர் ஆறடிக்கு மேற்பட்டோர். தத்துவைப் பயிற்றுநர் தெரிந்தெடுத்ததும் உயரங் கண்டே. இந்நிலையில், 2016ஆம் ஆண்டின் இலங்கைக் குடித்தொகை, சுகாதார ஆய்வு தரும் ஒரு தகவலை நோக்குக. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருப்போர் நாடளாவிய நிலையில் ஏறத்தாழ 17 சதவீதம். தோட்டத்துறையில் ஏறத்தாழ 32 சதவீதம். குழந்தைப் பருவத்தில் ஊட்டமின்மையால் இழந்த உயரத்தைப் பிற்காலத்தில் முற்றாக மீட்பது அரிது. 1879ஆம் ஆண்டின் விதியைப் போன்று இதனை எக்குழுவும் கூடி நீக்கிவிட இயலாது.

உருவிற் சிறிய மக்களும் பங்குகொள்ளட்டும் என்ற நோக்குடனேயே 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இலகு எடைப் பிரிவு புகுத்தப்பட்டது. ஆண்களுக்கு 72.5 கிலோகிராமும், பெண்களுக்கு 59 கிலோகிராமும் உச்ச வரம்பு. ஆசிய நாடுகள் பலவற்றுக்கு ஒலிம்பிக்கின் வாயில் அதுவே. இந்தியாவின் டோக்கியோ இருவரும் அவ்வாயிலாலேயே நுழைந்தனர். மற்போர், குத்துச்சண்டை, பளுதூக்கல் போன்றவை நீங்கலான விளையாட்டுகளில் எடைப்பிரிவு வேண்டுவதில்லை என்ற கொள்கையின்படி, 2024 பாரிஸ் ஒலிம்பிக்குடன் அப்பிரிவு கைவிடப்பட்டது. 2028 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அதனிடத்தைக் கடற்கரைப் படகோட்டப் போட்டி பெறுகின்றது. எல்லோருக்கும் ஒரே விதி என்னும் சமத்துவம், சமமற்ற உடல்களுக்கிடையே யாருக்குச் சாதகமாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

காசல்ரீயிலோ மவுஸ்ஸாக்கலையிலோ படகோட்டப் பயிற்சி நிலையம் அமைப்பது குறித்து எவரேனும் பேசும்போது, நீர் இருக்கிறதே என்பது முதல் வாதமாக வரும். அந்நீர் மின் உற்பத்தியின் தேவைக்கேற்ப ஏறி இறங்குவது. அதன் கரைகளின் அழகு தற்போது பெரிதும் சுற்றுலாவின் முதலீடு. நாம் வேறோர் இடத்திலிருந்து தொடங்குவதே பொருத்தமெனக் கருதுகின்றோம். படகோட்டப் பயிற்சிக்கென நிலத்தில் வைத்து இயக்கும் வலிப்பு இயந்திரமொன்று உண்டு. சறுக்கும் இருக்கையும், சங்கிலியில் இணைத்த கைப்பிடியும், காற்றை எதிர்த்துச் சுழலும் சில்லும் கொண்டது அது. 2,000 மீற்றருக்குச் சமமான வலிப்பை ஒருவர் எத்தனை செக்கனில் முடித்தார் என்பதை அது காட்டும். உலகெங்கும் வீரரைத் தெரிந்தெடுக்க முதலிற் பயன்படுவது இதுவே. படகின் விலையோடு ஒப்பிடின் இதன் விலை மிகச் சிறியது. கினிகத்தேனையின் பாடசாலை மண்டபமொன்றில் இத்தகைய இயந்திரங்கள் இரண்டை நிறுத்தி, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட மாணவ மாணவியரின் உயரத்தையும், கையை விரித்த அகலத்தையும், வலிப்பு நேரத்தையும் ஆண்டுதோறும் பதிந்துவைக்கலாம். அதே பதிவேட்டின் அடுத்த நிரலில், அன்று காலை அப்பிள்ளை என்ன உண்டு வந்தது என்பதும் எழுதப்படல் வேண்டும்.